பதினொரு நிமிட அழைப்பு

திலீபன் ஆறு பத்துக்கு எழுந்தான். வாசலில் இருந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்தான். இனி அரை லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்ல எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான், சொல்லவில்லை. பல் தேய்த்தான். டீ போட்டான். செவிமணியைக் காதில் செருகி அந்த அழைப்பை முதலிலிருந்து ஓடவிட்டான். மொத்தம் பதினொரு நிமிடம். டீ குடித்து, டம்ளர் கழுவி, சட்டை மாட்டி முடிக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.

ஐந்தாவது நிமிடத்தின் கடைசியில் "வலி இப்போ குறைஞ்சிருச்சு" என்பாள். ஏழில் "அம்மாகிட்ட சொல்லு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். பத்தில் "நீ மெதுவா வா, அவசரப்படாத" என்பாள். அதன் பிறகு அழைப்பு நிற்கும். திலீபன் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

அவன் மனைவி எழில், மலையில் இருக்கும் வானிலைக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். வால்பாறைச் சாலையில் ஒரு மதியம், மழையில், ஜீப் வளைவிலிருந்து சறுக்கி இறங்கியது. ஓட்டுநர் வெளியே விழுந்து பிழைத்தார். எழில் உள்ளே மாட்டிக்கொண்டாள். அங்கிருந்து திலீபனை அழைத்தாள். அவன் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி, வண்டியை ஓட்டிக்கொண்டே பேசினான். பொள்ளாச்சியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல் ஏழு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அதில் ஒரு வரி. இரத்தப்போக்கைப் பார்த்தால் விபத்துக்குப் பின் ஐந்து, ஆறு நிமிடத்துக்கு மேல் நினைவு இருந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த வரியைத் திலீபன் பலமுறை படித்தான். அவள் அவனோடு பதினொரு நிமிடம் பேசியிருந்தாள்.

இடைநிரப்பி வந்து ஏழு வருடம் ஆகிறது. அதற்கு முன் மனிதர்கள் போனில் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்துவார்கள். இப்போது யாரும் கத்துவதில்லை. லிப்டிலும் சுரங்கப்பாதையிலும் மலைச்சாலையிலும் அழைப்பு அறுவதே இல்லை. சிக்னல் போன நொடியில், செவிமணிக்குள் இருக்கும் சில்லு அந்த மனிதர் அடுத்து என்ன சொல்வார் என்று ஊகித்து, அவர் குரலிலேயே சொல்லிவிடும். சிக்னல் வந்ததும் தையல் தெரியாமல் விலகிக்கொள்ளும். ஒருவருடைய பழைய பேச்சு எவ்வளவு அதிகமாகக் கிடைக்கிறதோ, ஊகம் அவ்வளவு கச்சிதம். அதனால் கணவன் மனைவியர் வீட்டுப் பேச்சையெல்லாம் அதற்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஊகம் எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒட்டு அளவு என்று பெயர். எந்த ஜோடிக்கு அது எவ்வளவு என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டார்கள். திலீபனுக்கும் எழிலுக்கும் தொண்ணூற்றெட்டு சதவீதம். எழில் ஒரு வாரம் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு ஜாபரின் கடைக்குப் போனான். ஜாபர் கல்லூரித் தோழன். செவிமணிச் சில்லு செய்யும் நிறுவனத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு, இப்போது காந்திபுரத்தில் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். டாக்டர் சொல்வது குத்துமதிப்பு, அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே என்று ஜாபர் முதலில் சொன்னான். திலீபன் ஒரு உறையை மேசைமேல் வைத்தான். போலீஸ் திருப்பிக் கொடுத்த எழிலின் செவிமணி உள்ளே இருந்தது. ஜாபர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இதுல அதுக்கப்புறம் வேற கால் எதுவும் பேசலையே?"

"யார் பேசுவா?"

அப்படியென்றால் எல்லாம் உள்ளேயே இருக்கும் என்றான் ஜாபர். மைக்கில் விழுந்த மூலப்பேச்சு, காதுக்குப் போன பேச்சு, எது நிஜமாக வந்தது, எது நிரப்பியது என்ற குறிகள், எல்லாமே அடுத்த அழைப்பு வரும்வரை சில்லின் நினைவகத்தில் கிடக்கும். எடுப்பதற்குத்தான் வழியில்லை. சில்லோடு பேசுவதற்கான கட்டளைத் தொகுப்பை நிரலகம் என்பார்கள். நிறுவனம் வெளியிட்ட நிரலகம் நிரப்பி முடித்த பேச்சை மட்டும்தான் கொடுக்கும்.

"மூலத்தை எடுக்கிற கட்டளையை எழுதவே இல்ல மச்சி. எவன் கேக்கப்போறான்னு விட்டுட்டோம்."

"நான் எழுதிக்கிறேன்" என்றான் திலீபன்.

ஐந்து வாரம் ஆனது. சனி, ஞாயிறுகளில் ஜாபர் கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதினான். சில்லின் எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்பதற்குக் கையேடு கிடையாது. ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. எழிலின் செவிமணியைத் தொடவில்லை. அதே ரகத்தில் பழையது இரண்டு வாங்கி, அவற்றில் சோதித்தான். நிரப்பியதைக் காட்டும் குறி எந்த பிட்டில் இருக்கிறது என்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை.

அதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். ஜாபர் கடை முன்பக்கம் நின்று பேசுவான். திலீபன் தன் பக்கச் செவிமணியை எவர்சில்வர் சம்படத்துக்குள் போட்டு மூடுவான். மூடியதும் சிக்னல் போகும், சில்லு நிரப்பத் தொடங்கும். முதலில் ஜாபர் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். மூடிய சம்படத்துக்குள் சில்லும் அச்சுப் பிசகாமல் எண்ணியது. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு திலீபன் தன்னைத் திட்டச் சொன்னான். ஜாபர் மனதாரத் திட்டினான். சில்லு அதைவிட நன்றாகத் திட்டியது.

"பாரேன், நான் மறந்துபோன வார்த்தையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கு" என்றான் ஜாபர்.

கடைசியில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ மேசையில் கிடந்ததை ஜாபர் எடுத்து, அதிலிருந்த சொந்தக்காரர்கள் பெயரை வரிசையாக வாசித்தான். யாரென்றே தெரியாத பெயர்களைச் சில்லால் ஊகிக்க முடியவில்லை. அது பாட்டுக்கு, "சரி மச்சி, சாப்ட்டியா, டீ சொல்லவா?" என்றது. அந்த நொடிகளில் எந்த பிட் மாறியது என்று திலீபன் குறித்துக்கொண்டான். பல மாதத்துக்குப் பிறகு அன்று லேசாகச் சிரித்தான். சிரித்ததை ஜாபர் பார்த்தான்.

எழிலின் அம்மா சுமதி உடுமலையில் தனியாக இருந்தார். அழைப்பின் நகல் அவரிடமும் இருந்தது. அறிக்கை வந்ததையும் தான் நிரலகம் எழுதுவதையும் திலீபன் அவரிடம் மறைக்கவில்லை. தெரிந்ததும் சொல்லுங்க மாப்ள, நானே வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். எழுத எழுத, ஏழாவது நிமிடத்தைத்தான் திலீபன் நினைத்துக்கொண்டான். "அம்மாகிட்ட சொல்லு." அது எழிலுடையதாக இல்லாவிட்டால் அவரிடம் என்ன சொல்வது? அவருக்கு இருந்த ஒரே மகள்.

ஒரு ஞாயிறு காலை எழிலின் செவிமணியை இணைத்தான். நிரலகம் முதல் தடவையே ஓடியது. இரண்டு தடங்கள் திரையில் வந்தன. ஒன்று அவள் பேசியது. மற்றது அவள் கேட்டது. ஜாபர் கடையை இவனிடம் விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

முதல் மூன்று நிமிடம் நாற்பது நொடி எல்லாம் நிஜம். கால் மாட்டியிருக்கு என்று அவள் சொன்னது, கிளம்பிவிட்டேன் என்று அவன் சொன்னது. அதன் பிறகு குறி மாறியது. மலைக்குச் சிக்னல் போய்விட்டது. செவிமணி உயிரோடு இருக்கிறது என்ற ஒற்றைத் துடிப்பு மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது. அழைப்பு அறாமல் இருக்க அது போதும்.

அவள் மைக்கில், "தூக்கமா வருது திலீ" என்று இருந்தது. இது அவனுக்கு வரவே இல்லை. அவனிடமிருந்த பதிவில் அந்த இடத்தில் "பக்கத்துல ஆளுங்க சத்தம் கேக்குது" என்று இருக்கும்.

அந்த நேரத்தில் தான் என்ன சொன்னான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். வண்டிக்குள் கத்திக்கொண்டிருந்தான். கண்ணை மூடாதே எழில், என்ன ஆனாலும் மூடாதே.

அவள் காதில் விழுந்தது வேறு. "டயர்டா இருந்தா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கோ. நான் இருக்கேன்ல."

அவன் குரல்தான். எழிலுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. ஆறு வருடமாக வாரத்துக்கு இரண்டு முறையாவது அவன் அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறான். சில்லு தவறு எதுவும் செய்யவில்லை. அவன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னது.

ஆறு நொடி அவள் பேசவில்லை. பிறகு, "இது நீதான பேசுற?" என்று கேட்டாள்.

"நான்தான் எழில். வேற யாரு?" என்றது சில்லு.

அவள் பதில் சொன்னாள். இரண்டே சொல். நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. அதன் பிறகு மைக்கில் மழையும் வைப்பரும் மட்டும்தான். மீதி ஆறு நிமிடமும் அவள் காதில் திலீபன் பேசிக்கொண்டிருந்தான். அவன் காதில் எழில் பேசிக்கொண்டிருந்தாள்.

தெரிந்துவிட்டது என்று மட்டும் திலீபன் போனில் சொல்ல, மறுநாள் சுமதி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். தூக்குப் பாத்திரத்தில் பருப்புக் குழம்பு கொண்டு வந்திருந்தார். சமையலறைக்குப் போய், பிரிட்ஜில் சேர்ந்திருந்த பாலையெல்லாம் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். திலீபன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது என்றார்.

அதேதான் அத்தை, எதுவும் மாறவில்லை என்று சொல்லிவிட முடிவு செய்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லுங்கறது அவ இல்லைங்க மாப்ள. எனக்கு மொத நாளே தெரியும்."

எப்படி என்று கேட்டான்.

"உங்ககிட்டத்தான் அம்மா அம்மாம்பா. வலி வந்தா, பயந்தா, என்னைய நெனச்சா, கூப்பிடறது சுமின்னுதான். காலு மாட்டிக் கெடக்கறப்ப அவளுக்கு அம்மாங்கற சொல்லு வராதுங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க தினமும் அதைக் கேட்டுத்தான் எந்திரிச்சு நடக்கறீங்க. அதைய நான் எதுக்குக் கெடுக்கோணும்னு இருந்துட்டேன்."

அவருக்காகத்தான் சொல்லாமல் இருக்க நினைத்ததாகத் திலீபன் சொன்னான். எழில் அவரைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை, சொல்ல நேரம் இருக்கவில்லை என்றும் சொன்னான். அவர் தலையாட்டினார். அவள் கேட்ட கேள்வியைச் சொன்னான். தன் குரல் அவளிடம் சொன்ன இரண்டையும் சொன்னான். கண்ணை மூடிக்கோ என்பதைச் சொல்லும்போது நிறுத்தி, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. சுமதி அவன் கையைப் பிடித்தார், பிறகு விட்டார்.

"அதுக்கு எம்புள்ள என்னங்க சொன்னா?"

கணினி பக்கத்திலேயே இருந்தது. ஓடவிட்டிருக்கலாம். அவன் ஓடவிடவில்லை. தானே சொன்னான்.

"'அப்ப சரி'ன்னா."