உருண்டையின் மறக்காத பெட்டி

உருண்டைக்கு நான்கு வயது. காது நன்றாகக் கேட்கும். எல்லாம் புரியும். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. அதனால் சித்தி அவனுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தாள்.

பெட்டியின் ஒரு பக்கத்தில் நான்கு பொத்தான்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். தண்ணீர், வலி, வெளியே, அக்கா. அவன் ஒன்றை அழுத்தினால், எதிரே இருப்பவர் பார்க்கும் பக்கத்தில் அதே படத்துக்குப் பின்னால் விளக்கு எரியும்.

அக்கா படத்தில் இருந்தது அவன் அக்கா எறும்பின் முகம். அவளுக்குப் பத்து வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் வீட்டில் அந்தப் பெயர்.

பெட்டிக்கு ஒரே ஒரு குறை. அணைத்துவிட்டு மறுபடி போட்டால், பத்து எண்ணும்வரை சும்மா இருக்கும். உருண்டைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மூன்று எண்ணுவதற்குள் பெட்டி பறக்கும்.

திங்கட்கிழமை அவனுக்கு எறும்பு படிக்கும் பள்ளியில் முதல் நாள். ஞாயிற்றுக்கிழமை சித்தி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எறும்பு மேசைமேல் தாடையை வைத்துப் பார்த்தாள்.

"இது ஏன் சித்தி இவ்ளோ நேரம் யோசிக்குது?"

"யோசிக்கல. படிக்குது." சித்தி ஒரு கறுப்புச் சதுரத்தைக் காட்டினாள். "இந்த சிப்புக்குள்ள ஆயிரக்கணக்கான குட்டி அறை இருக்கு. ஒவ்வொரு அறையிலயும் ஒரு அட்டவணை. 'இந்தப் பக்கம் கரண்ட் வந்தா அந்தப் பக்கம் அனுப்பு', அவ்ளோதான் இருக்கும். அறைக்கு அறை பாதை. பாதை சேர்ற இடத்துல எல்லாம் ஒரு கதவு. எது திறந்திருக்கணும், எது மூடியிருக்கணும்னு நான் சொல்லிக் குடுக்கணும்."

"சொல்லிக் குடுத்துட்டல்ல?"

"குடுத்தேன். கரண்ட் போனதும் மொத்தத்தையும் மறந்துடும். திரும்பப் போட்டா, பக்கத்து சிப்புல எழுதி வெச்சதை முதல்ல இருந்து படிக்கணும்."

"பரீட்சை அன்னிக்குக் காலையில நான் படிக்கிற மாதிரி."

"அதே மாதிரிதான்!" சித்தி சிரித்துக்கொண்டே வேறொரு சிப்பை எடுத்தாள். "இது வேற ரகம். இதுல ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்துலயும் இறுக்க மூடின ஒரு குட்டி டப்பா மாதிரி இருக்கு. அதுக்குள்ள எலெக்ட்ரானைப் பிடிச்சு அடைச்சு வெச்சா, கரண்ட் இல்லேன்னாலும் வெளியே வராது. டப்பா நிறைஞ்சிருந்தா கதவு மூடியிருக்கும். காலியா இருந்தா திறந்திருக்கும். அதனால போட்ட உடனே வேலை செய்யும். வெள்ளிக்கிழமையே ஆபீஸ்ல எல்லாம் எழுதி எடுத்துட்டு வந்துட்டேன்."

"அடுத்த வருஷம் கேட்டாலும் மறக்காதா?"

"மறக்கவே மறக்காது."

சித்தி பழைய சிப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது சிப்பைப் பற்றவைத்தாள். வலியை அழுத்தினாள். சரி. வெளியேயை அழுத்தினாள். சரி. பெரிய கொட்டாவி ஒன்று விட்டாள்.

"போதும். பிரமாதமா இருக்கு."

திங்கட்கிழமை காலை, வேன் வரப் பத்து நிமிடம் இருந்தது. புது ஷூவை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்ற உருண்டை, தண்ணீர் பொத்தானை அழுத்தினான். எதிர்ப்பக்கத்தில் எறும்பின் முகம் பளிச்சென்று எரிந்தது.

"என்னடி இது? அவனுக்குத் தாகம் எடுத்தா உன்னையா குடிக்கிறது?" என்றார் அப்பா.

எறும்பு ஓடிவந்து அக்காவை அழுத்தினாள். தண்ணீர் டம்ளர் எரிந்தது.

சித்தி பெட்டியை அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்துப் போட்டாள். பேட்டரியைக் கழற்றி ஊதினாள்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு!"

"நேத்து நீ ரெண்டு பொத்தான்தான் அழுத்திப் பார்த்த," என்றாள் எறும்பு. "இப்போ அணைச்சு அணைச்சுப் போட்டா எப்படி சரியாகும்? இது மறக்காத சிப்பாச்சே. தப்பையும் மறக்காதே!"

சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். நோட்டைப் புரட்டினாள்.

"போச்சு. பழைய சிப்புல எந்தக் கால் எந்த விளக்குக்குன்னு பார்த்தே இதுக்கும் எழுதியிருக்கேன். இதுல ரெண்டு கால் இடம் மாறியிருக்கு. திருத்துற கருவி ஆபீஸ்ல இருக்கே..."

"இன்னிக்கு ஒரு நாள் பெட்டி இல்லாம போகட்டுமே," என்றாள் அம்மா.

உருண்டை பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டான். புது இடம், புது டீச்சர். தாகம் என்று எப்படிச் சொல்வான்?

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது.

"இரு, இரு. பொத்தான் மேல இருக்கிற படத்தை மாத்தி ஒட்டிடறேன்." சித்தி அவசரமாகக் குனிந்தாள்.

"வேண்டாம் சித்தி!" எறும்பு அவள் கையைப் பிடித்தாள். "இவன் படத்தைப் பார்க்கவே மாட்டான். தண்ணின்னா இந்த மூலை. கண்ணை மூடிக்கிட்டே அழுத்துவான். இவன் பக்கத்தை மாத்தாதே. எதிர்ப்பக்கத்துல மாத்து. எந்தப் படம் எந்த இடத்துல எரிஞ்சா டீச்சருக்கு என்ன?"

சித்தி நிமிர்ந்தாள்.

"நான் உள்ள இருக்கிற ஆயிரம் கதவையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்டி," என்றாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு படங்களையும் நகத்தால் உருவி, இடம் மாற்றிச் செருகினாள். உருண்டை மூலைப் பொத்தானை அழுத்தினான். டம்ளர். அக்கா பொத்தானை அழுத்தினான். எறும்பின் முகம். அணைத்தான், போட்டான், அழுத்தினான். உடனே எறும்பின் முகம். பெட்டி பறக்கவில்லை. அவன்தான் வேனுக்குப் பறந்தான்.

மூன்றாவது பாடவேளையில், சின்னப் பிள்ளைகள் வகுப்பு ஆயா எறும்பின் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"உன் தம்பி கூப்பிடுறாம்மா."

எறும்பு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். விழுந்துவிட்டானோ? அழுகிறானோ?

உருண்டை ஒரு குட்டி நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணுமில்லம்மா, பயப்படாதே," என்றார் டீச்சர். "தண்ணி ரெண்டு தடவை கேட்டான், குடுத்தேன். உன்னைப் பதினோரு தடவை கேட்டுட்டான். ஒரு தடவையாவது கூப்பிடலாமேன்னுதான்."

உருண்டை பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினான். பெட்டியை அணைத்தான், போட்டான், எறும்பு எதிரிலேயே இருக்கும்போது பன்னிரண்டாவது தடவையாக அழுத்தினான்.

எறும்பு அந்தக் குட்டி நாற்காலியில், மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.