பத்தடிக் கோடு

லென்ஸ் கைக்கு வந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகிவிட்டது. தனுஷா எடுத்ததில் ஒரு முகம்கூடத் தெளிவாக விழவில்லை.

பாட்டிலை எடுத்தால் லேபிளின் பொடி எழுத்துவரை தெரிந்தது. வாசல் முருங்கையும் கொடியில் காயும் சட்டையும் துல்லியம். மனிதர்கள் மட்டும் கலங்கினார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவில் ஒரே ஒரு நல்ல முகப்படம் காட்டினால் வேலை. இல்லாவிட்டால் இயற்பியல் பட்டத்தோடு மறுபடியும் ஜவுளிக்கடை பில் மேசை. அதற்காகத்தான் பழைய லென்ஸ் விற்கும் வாட்ஸ்அப் குழுக்களை நாலு மாதம் துழாவினாள். எல்லாம் பூஞ்சை பிடித்தவை, வளையம் சுற்றாதவை. வெள்ளிக்கிழமை மாலைதான் தியாகதுருகத்தில் ஒரு பழைய வீட்டில் இது கிடைத்தது. விற்றவர் கோகிலவாணி, கணவர் இறந்தபின் ஸ்டுடியோவை மூடிவிட்டவர். டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணாடியில் கீறல் இல்லை. ஈரப் பாசி வாசனை மட்டும் லேசாக வந்தது.

“மரம், மலைன்னு எடும்மா. நல்லா வரும்,” என்றார் கோகிலவாணி. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கத் தனுஷாவுக்குக் கூச்சம்.

இப்போது சங்கராபுரத்து வீட்டு வாசலில் டேப் வைத்துப் பத்தடி அளந்து, சாக்பீஸால் கோடு போட்டாள். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தையும் பத்தடியில் நிறுத்தினாள். கோட்டின்மேல் அம்மாவை நிற்க வைத்து எடுத்தாள்.

படத்தில் கோடு தெளிவு. அம்மா கலங்கல்.

நிமிர்ந்தால், அம்மா கோட்டுக்கு ஓரடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏம்மா நகர்ற? எத்தினி வாட்டி சொல்றது?”

“நல்லா இருக்குதே! நீதானடி பின்னாடி போ, பின்னாடி போன்னு சொல்லிக்கினே இருக்குற.”

“நான் வாயே தொறக்கல.”

“இவ்ளோ சத்தமா நீ பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன். வேலை கெடைக்கறதுக்கு முன்னாடியே அதிகாரத்தப் பாரு.”

அம்மாவின் காதுமேல் பழியைப் போட்டுவிட்டு, அக்கா தேவதர்ஷினியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குக் கிளம்பினாள்.

மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி ஒரு அகலப் பாறை. அதன் விளிம்புக்கு அப்பால் வெறும் வானம். விளிம்பிலிருந்து ஏழடி உள்ளே கோடு போட்டு அக்காவை நிறுத்தினாள். உச்சி வெயில். பாறை கொதித்தது. ஆனாலும் வளையத்தைச் சுற்றும்போது பாசி வாசனை முகத்தில் அடித்தது.

முதல் படம் கலங்கல். அக்கா கோட்டில் இல்லை.

“அக்கா, நீயுமா? ஏன் நகர்ற?”

“நீதாண்டி கத்துற, பின்னாடி போன்னு.”

“நான் கத்தல.”

“அப்ப வேற யாரு? இது இன்னா பஸ் ஸ்டாண்டா?”

எரிச்சலில் தனுஷாவுக்குக் கண் கலங்கியது. மறுபடி கேமராவில் கண்ணை வைத்தாள்.

அக்கா தலையாட்டினாள். “சரி, சரி.”

ஓரடி பின்னால் வைத்தாள்.

“போதுமா?”

இன்னொரு அடி.

தனுஷா எதுவும் சொல்லவில்லை. அங்கே வேறு யாரும் இல்லை.

“அக்கா, நில்லு!”

அக்காவுக்குக் கேட்கவில்லை. அவள் பார்வை தனுஷாவின் மேல் இல்லை. லென்ஸின் மேல் இருந்தது. இன்னொரு அடி.

தனுஷா உள்ளங்கையால் லென்ஸைப் பொத்தினாள்.

அக்கா நின்றாள். குதிகால் விளிம்பில் இருந்தது. அதற்கடியிலிருந்து ஒரு கல் உருண்டு மறைந்தது. அது விழுந்த சத்தம் மூன்று நொடி கழித்து வந்தது. உயரத்தைக் கணக்குப் போடாமல் இருக்கத் தனுஷாவால் முடியவில்லை.

நான்கு மணிக்குத் தியாகதுருகத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

“யாரு? இரு, வரேன்,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அக்காவின் விரல்கள் தனுஷாவின் கையில் பதிந்தன. “தனு... இந்தக் குரல்தான்.”

கோகிலவாணி கதவைத் திறந்தார். லென்ஸ் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தனுஷா உள்ளே போய் அதை மேசையில் வைத்துத் திறந்தாள். சுவரில் அவர் கணவரின் படம், மாலையோடு. மலை, வானம். முன்னாலிருந்த புல் துல்லியமாக இருந்தது. அவர் மட்டும் கலங்கலாக இருந்தார்.

“இது எங்க எடுத்ததுங்க?”

“மேல. கல்வராயன்ல. கடைசிப் படம். கால் வழுக்கிடுச்சும்மா.”

“எங்க அக்காவுக்கு வழுக்கலீங்க. யாரோ பின்னாடி போகச் சொன்னாங்க.”



பெட்டிக்குள் ஏதோ டக்கென்றது. லென்ஸ் மூடி கழன்று மேசையில் உருண்டு நின்றது. அக்கா “சரி” என்று முணுமுணுத்தபடி வாசற்படியை நோக்கி ஓரடி பின்னால் வைத்தாள்.

கோகிலவாணியின் வாய் மூடியே இருந்தது.

தனுஷா பெட்டியை அறைந்து சாத்தினாள். “எனக்கு ஏன் கேக்கல?”

“எடுக்கறவளுக்குக் கேக்காதும்மா. எதிர்ல நிக்கறவங்களுக்குத்தான்.” அவர் சுவரைப் பார்த்தார். குரல் தணிந்து வந்தது. “நாலு வாட்டி சொன்னேன், பின்னாடி போன்னு. அவருக்கு எம்மேல நம்பிக்கை, திரும்பிக்கூடப் பாக்கல. ஓரம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.”