மலைநாட்டுக்கு ஒத்திகை

கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் மங்கை பேருந்து ஜன்னலில் தலையை நீட்டி வாந்தியெடுத்தாள். "இதுவும் சரிப்படாது" என்று தணிகாசலம் பயணத்தைப் பாதியிலேயே நிறுத்தினார். மலை மறைந்தது. அவர் படுத்திருந்த ஒத்திகைக்கூட்டின் மூடி திறந்தது. சேலத்து வீட்டுக் கூடத்தில் அவருடைய நிஜ மனைவி மங்கை உட்கார்ந்து பருப்புப்பொடியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் வாந்தியா எடுத்தேன்?"

"ராத்திரி வண்டி வேண்டாம். காலை வண்டிக்கு மாத்திடலாம்."

ஒத்திகை பார்க்காமல் இப்போதெல்லாம் யார் ஊர் தாண்டுகிறார்கள்? பழனிக்குப் போவதென்றாலும் முதலில் கூட்டுக்குள் படுத்துப் போய்வந்துவிட்டுத்தான் பையையே எடுக்கிறார்கள். வானிலை, பாதை, பார்க்கப்போகிற மனிதரின் குரல், கடிதங்கள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, நடக்கப்போவதைக் கூடு அப்படியே நடத்திக் காட்டும். காட்டும் என்பதுகூடத் தப்பு; உடம்பு அதை வாழ்ந்தே விடும். குளிரில் பல் தந்தியடிக்கும், நடந்தால் கால் வலிக்கும். ரயில்வேயில் கால அட்டவணை போட்டே ஆயுளைக் கழித்த தணிகாசலத்துக்கு இப்படியொரு சாமான் கையில் கிடைத்தால் விடுவாரா மனுஷன்?

ஆனால் வாந்தியும் வண்டியும் சாக்குதான். அவர்கள் போகவேண்டியிருந்த சின்ன பௌத்த மலைநாட்டில், மேகத்துக்கு மேலே ஒரு மடாலயத்தில், அவர்களுடைய ஒரே மகள் அமுதவல்லி பிக்குணியாக இருந்தாள். துறவு போகிறேன் என்று அவள் வந்து நின்ற அன்று, "எனக்கு மகளே இல்லை, போ" என்று தணிகாசலம் சொல்லிவிட்டார். அவளும் போயே விட்டாள். அறுவடை முடிந்ததும் பெற்றவர்கள் வந்து பார்க்கலாம் என்று இப்போதுதான் மடாலயம் அனுமதி தந்திருந்தது. சொன்ன சொல்லை நேரில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

ஒத்திகையில் எத்தனையோ முறை அவள் முன்னால் போய் நின்றார். ஒருமுறை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை, பாழாய்ப்போன வாய், "மொட்டையடிச்சுக்கிட்டு நிக்கிறியே" என்று ஆரம்பித்துக் காரியத்தையே கெடுத்தது. அவள் எழுந்து போய்விட்டாள். கூட்டை விட்டு வெளியே வந்து, சொல்ல வேண்டியதைத் திருத்திக்கொண்டு மறுபடி படுத்தார்.

"நீயும் ஒருதரம் பார்த்துக்கோயேன்," என்றார் மனைவியிடம்.

"பெத்த பொண்ணைப் பார்க்க எனக்கு எதுக்குங்க ஒத்திகை? போனதும் வாயில என்ன வருதோ வரட்டும்."

அறுவடை நெருங்கிய ஒரு மத்தியானம் கூட்டுக்குள் அது சரியாக வாய்த்தது. "நான் சொன்னது தப்பும்மா. அந்தச் சொல்லைத்தான் இத்தனை வருஷமா மென்னு முழுங்கிட்டு இருக்கேன்" என்று சொல்லும்போதே உடைந்து தேம்பினார். கூட்டின் அமுதவல்லி தன் சிவப்பு அங்கியின் நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். மூடி திறந்தபோது தலையணை நனைந்திருந்தது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. அன்று இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதன்பிறகு பயணத்தைப் பற்றி அவராக ஒரு பேச்சும் எடுக்கவில்லை. பெட்டி கட்டியதெல்லாம் மங்கைதான்.

பயணம் அட்டவணைப்படியே நடந்தது. காலை வண்டி, தெளிந்த வானம், மங்கைக்கு வாந்தியும் இல்லை. மடாலயத்து முற்றத்துக்கு அமுதவல்லி வந்தாள். மங்கை என்னவோ கேட்க வாயெடுத்து, குழறி, மகளின் மழித்த தலையைத் தடவித் தடவி மூக்கைச் சிந்தினாள். பிறகு மகள் அப்பா பக்கம் திரும்பினாள். அங்கியின் நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். கூட்டில் ஒருமுறைகூட அவள் அப்படி நின்றதில்லை.

"நான் சொன்னது தப்பும்மா," என்று தொடங்கினார் தணிகாசலம். ஒரு சொல் பிசகவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். அழுகிற இடமும் வந்தது. கண்ணில் பொட்டு ஈரமில்லை. இதோ வந்துவிடும் என்று காத்திருந்தார். மனசு காலி செய்த வீடுபோல் கிடந்தது. அவருக்கே திகிலாகிவிட்டது.

அமுதவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒத்திகை பார்த்துட்டு வந்தீங்களாப்பா?"

அவர் தலையாட்டினார்.

"அதுல அழுதீங்களா?"

"ரொம்ப அழுதேன்மா."

"அப்ப நான் அங்க இல்லையேப்பா," என்றாள் மகள்.