லீமாவும் தூங்குமூஞ்சிக் கிருமிகளும்

கடியப்பட்டணத்து ததேயுஸைத் தெரியாத சுறாமீனே கிடையாது. அவர் கட்டுமரத்தைக் கடலில் இறக்கினால் போதும், சுறாக்கள் குடும்பத்தோடு இலங்கைக்குக் குடிபோய்விடும்! அப்பேர்ப்பட்டவர் காலில் ஒரு திருக்கைமீன் முள்ளைப் பாய்ச்சிவிட்டது. கால் பலாப்பழம் போல வீங்கியது.

பென்சிலின் மருந்து ஊருக்கு வந்த புதிது அது. நர்ஸ் விக்டோரியா தினமும் ஊசி போட்டார். வீக்கம் வடிந்தது, காய்ச்சல் ஓடியது.

"இனி ஊசி வேண்டாம்! நெத்திலி கூட்டம் கூட்டமா வருது, நான் கடலுக்குப் போறேன்!" என்று ததேயுஸ் கிளம்பிவிட்டார்.

சுறாவுக்கு அஞ்சாதவருக்கு ஊசி என்றால் நடுக்கம். அது மகள் லீமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் நர்ஸிடம் ஓடினாள். "நர்ஸம்மா, அப்பாக்கு சுகமாச்சே. பின்ன எதுக்கு ஊசி?"

"தின்னு பெருகுத கிருமியைத்தான் இந்த மருந்து கொல்லும் மக்கா. சிலது தின்னாம கொள்ளாம தூங்கிக் கிடக்கும். அதை மருந்து தொடாது. அது முழிக்குத நேரம் மருந்து உள்ள இருந்தாத்தான் சாவும்; ஊசியை நிறுத்தினா முழிச்சுப் பெருகும். பொறவு காலையே எடுக்க வேண்டி வரும்."

லீமா கடற்கரைக்குப் பறந்தாள்.

கரைக்கு வந்ததும் கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப்போடுவார்கள். போகும்போது மறுபடி கட்டவேண்டும். ததேயுஸ் கயிற்றோடு நின்றார்.

"ஏட்டி, வந்தியா? இந்தக் கயிறைப் பிடி!"

"பிடிக்கேன். அதுக்கு முந்தி, நல்ல காலால மணல்ல ஓங்கி ஒரு மிதி மிதிங்கப்பா."

அவர் மிதித்த மிதியில் கன்னியாகுமரிப் பாறையே ஆடியிருக்கும்! ஓடித் திரிந்த நண்டுகள் மாயமாயின.

"இப்ப நண்டு இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல."

"சத்தம் போடாம இரிங்க."

சற்று நேரத்தில் ஒரு வளையிலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. பக்கத்து வளையில் இன்னும் இரண்டு. பிறகு கரை முழுக்க நண்டு!

"உங்க காலுக்குள்ளயும் இப்பிடித்தான் கிருமி ஒளிஞ்சு தூங்குது. ஊசியை நிறுத்தினா எல்லாம் எழும்பி வரும்."

ததேயுஸ் நண்டைப் பார்த்தார். காலைப் பார்த்தார். கயிற்றைச் சுருட்டினார்.

"நெத்திலி எங்க போயிரும்? வா... நீ என் கையைப் பிடிச்சுக்கிடுவியா மக்கா?"

"பிடிச்சுக்கிடுதேன்பா."

அதன்பிறகு கடைசி ஊசிவரை அவர் ஒன்றையும் தப்பவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் அவர் போட்ட கத்தலில், ஆரல்வாய்மொழி மலையில் மேய்ந்த ஆடுகள் திசைமாறி ஓடின!

"எதுக்குப்பா இப்பிடிக் கத்துதிய?" என்று லீமா சிரித்தாள்.

"தூங்குத கிருமி முழிக்கணும்லா?" என்றார் ததேயுஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "முழிச்சாத்தானே மருந்து கொல்லும்!"