காதில் விழாத ஹார்ன்!

செல்போன் அலறியபோது, ஜெரூஷா ஒரு பொம்மைத் தலைக்கு இயர்மஃப் மாட்டிக்கொண்டிருந்தாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், மருந்துக் கடை மாடியில் அவளுடைய பரிசோதனைக்கூடம். தொழிற்சாலை இரைச்சலிலிருந்து காதைக் காப்பாற்றும் கருவிகளை வடிவமைப்பாள். பொம்மைத் தலையில் மாட்டுவாள். ஸ்பீக்கரை அலறவிட்டு, உள்ளே எவ்வளவு சத்தம் போகிறது என்று அளப்பாள்.

பொம்மைக்கு ஒரு முறுக்கு மீசை உண்டு. வரைந்தவர் அவளுடைய டெக்னீஷியன், சிட்டிபாபு.

போன் திரையில் அவர் பெயர்தான்!

"சொல்லுங்கண்ணா... ஃபேக்டரியில நம்ம புது இயர்மஃப் ட்ரையல் எப்படிப் போகுது?"

"அண்ணன் இல்லம்மா." ஒரு பெண் குரல். "இன்ஸ்பெக்டர் லோகநாயகி பேசறேன். இந்த போனுக்குச் சொந்தக்காரர் உங்களுக்கு யாரு?"

"எங்கிட்டதான் வேலை செய்றார். ஏன் மேடம்... என்னாச்சு?"

"இறந்துட்டார்மா."

ஜெரூஷா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடுவாஞ்சேரி ஃபோர்ஜிங் கம்பெனியில, சரக்கு தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிவர்ஸ்ல வந்து ஏறிடுச்சு. ஹார்ன் அடிச்சிருக்காங்க. அவருக்குத்தான் கேக்கல."

"ஏன்... ஏன் கேக்கல?"

"காதுல நீங்க குடுத்தனுப்புன சாமானை மாட்டியிருந்தாராம். கிளம்பி வாங்க."

ஜிஎஸ்டி ரோடு முழுக்க ஸ்கூட்டரில் அழுதுகொண்டே போனாள். வண்டலூர் சிக்னலில், பின்னால் நின்ற பஸ் ஹார்ன் அடித்தது.

அந்தச் சத்தம் அவள் முதுகில் அறைந்தது.

*என் டிசைன் ஒரு மனுஷனைக் கொன்னுடுச்சா...?*

தொழிற்சாலையில், இரும்பை அடித்து வடிவமைக்கும் சம்மட்டி இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. அந்த அமைதியே பயமாக இருந்தது. தரையில் ஒரு நீலத் தார்ப்பாய். அதற்கு வெளியே ஒற்றை ஷூ.

ஜெரூஷா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஸாரி மேடம்." மேனேஜர் ஐசக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "சேஃப்டிக்குன்னு குடுத்தீங்க. அதுவே ஆளை முழுங்கிடுச்சு."

வண்டி ஓட்டிய துலுக்காணம் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆரன் அட்ச்சுகினேதாம்மா வந்தேன்! அந்தாளு திரும்பவே இல்ல. நான் இன்னா பண்ணுவேன்?"

இன்ஸ்பெக்டர் லோகநாயகி ஒரு இயர்மஃபை நீட்டினார். "அவர் போட்டிருந்தது. கைரேகை எடுத்தாச்சு. ரிப்பேரான்னு பாருங்க."

ஜெரூஷா அதைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில், அது வேலை செய்வதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. தன் காதில் மாட்டினாள்.

நின்றாள்.

கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது.

"மேடம்... ஒரு டெஸ்ட் பண்ணணும். நான் இதை மாட்டிட்டுத் திரும்பி நிக்கறேன். அவர் காலையில வந்த மாதிரியே ஹார்ன் அடிச்சுட்டு வரட்டும்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"பக்கத்துல வந்ததும் நிறுத்தச் சொல்லுங்க. ப்ளீஸ்!"

ஐசக் தோளைக் குலுக்கினார். "அவங்களே கேக்கறாங்க. பண்ணிடலாமே."

வண்டி உறுமியது.

ஹார்ன் அலறியது... நெருங்கியது... இன்னும் நெருங்கியது!

ஜெரூஷா அசையவில்லை.

"ஏய்... நிறுத்துடா!" இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்.

முதுகுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண். வண்டி நின்றது. துலுக்காணம் எஞ்சினை அணைத்தான்.

இன்ஸ்பெக்டர் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார். "என்னம்மா, கேக்கலியா?"

ஜெரூஷா இயர்மஃபைக் கழற்றினாள். கண்ணில் நீர்.

"கேக்கல மேடம். சுத்தமா கேக்கல. தப்பு என்னுதுதான்."

ஐசக்கின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"மேடம், நீங்களும் ஒரு தடவை மாட்டிப் பாருங்க." ஜெரூஷா பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். "எவ்வளவு மோசமான பொருளைச் செஞ்சிருக்கேன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் என்னை அரெஸ்ட் பண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் அலுப்போடு தொப்பியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டார்.

உடனே அவர் புருவம் உயர்ந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார்.

ஜெரூஷா அவர் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

*பேசாதீங்க. அசையாதீங்க.*

அவளும் சிட்டிபாபு போட்டிருந்ததை மாட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

பின்னால் ஐசக் கிசுகிசுத்தார். காதோரம் வாய் வைத்துப் பேசுவதுபோல், அத்தனை தெளிவாகக் கேட்டது!

"பார்த்தியா? அந்தம்மாவே ஒத்துக்கிச்சு. கேஸ் க்ளோஸ்."

"பயமா கீது சார். காலைல ஆரனே அடிக்காம ஏத்துனேன்ல... 'யப்பா'ன்னு ஒரு சவுண்டு விட்டான் சார் அந்தாளு. இன்னும் கேட்டுகினே கீது."

"உளறாத! கம்பெனிக்கு நான் வாங்கிப் போட்ட பழைய இயர்மஃபை அந்த சிட்டிபாபு ஏன் அறுத்துப் பார்க்கணும்? உள்ள ஸ்பாஞ்சே இல்ல, வெறும் பிளாஸ்டிக்னு வெளிய தெரிஞ்சா, காது போன தொழிலாளிங்க அத்தனை பேரும் என்னைக் கிழிச்சிடுவாங்க. அதான் உன்னை ஏத்தச் சொன்னேன். யாரு கேட்டாலும் ஹார்ன் அடிச்சேன்னே சொல்லு."

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

மிக மெதுவாக.

"எங்க, அந்த 'யப்பா'வை இன்னொரு தடவை சொல்லு, துலுக்காணம்."

துலுக்காணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மே... மேடம்!" ஐசக்கின் உதடுகள் காய்ந்தன. "கேக்கலன்னு சொன்னாங்களே!"

"பொய்." ஜெரூஷாவின் குரல் உடைந்தது. "ஹார்ன் கேட்டுச்சு. வண்டி நிக்காம போயிடுமோன்னு என் நெஞ்சு அடிச்சுக்கிட்டதும் கேட்டுச்சு. இது சம்மட்டிச் சத்தத்தை மட்டும்தான் அமுக்கும் சார். பேச்சையும் ஹார்னையும் உள்ள விடும். மெல்லிசா பேசினாக்கூட பெரிசாக்கிக் குடுக்கும். மாட்டிப் பார்த்தேன், பழுதில்லாம இருந்துச்சு. அப்பவே புரிஞ்சுது. ஹார்ன் அடிச்சிருந்தா சிட்டிபாபு அண்ணன் நகர்ந்திருப்பார்."

அவள் தார்ப்பாய் அருகே போய் மண்டியிட்டாள். வெளியே கிடந்த ஷூவை எடுத்து, அவர் காலருகே வைத்தாள். அதற்குமேல் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள்.

கான்ஸ்டபிள்கள் ஓடிவந்தார்கள். விலங்கு மாட்டும்போது ஐசக் முணுமுணுத்தார். "நான் என் வக்கீல்கிட்ட பேசணும்... பேசியே ஆகணும்..."

இன்ஸ்பெக்டர் லோகநாயகி இயர்மஃபை மறுபடியும் காதில் பொருத்திக்கொண்டார்.

"தாராளமா பேசுங்க சார்! ஆனா குசுகுசுன்னே பேசுங்க... இதுல அதுதான் பளிச்சுனு கேக்குது!"