தம்பியை எங்கே விடுவது?

பத்து வயதுப் பெண் அவள். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் எல்லோரும் அவளை 'டமாரம்' என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் போவது நின்ற பிறகு அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டவே இல்லை.

நின்றதற்குக் காரணம், அவள் இடுப்பில் உட்கார்ந்து முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த தம்பி உருண்டை.

அம்மா தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தாள். அப்பா லாரி ஓட்டினார். கிளம்பிப் போனால் எப்போது திரும்புவார் என்று லாரிக்கே தெரியாது. உருண்டையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தை வேறு ஊருக்குக் குடிபோனதும், "கொஞ்ச நாளைக்குத்தான்டி கண்ணு" என்றாள் அம்மா. அந்தக் கொஞ்ச நாள் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது.

பள்ளிக்கூட மணி வீட்டுக்குள் கேட்கும். கேட்டதும் டமாரத்தின் கை தானாக ஆணியில் மாட்டியிருந்த பையைத் தேடும். ஆணியில் இப்போது தம்பியின் சட்டை தொங்கியது.

மாலையில் தோழி ஒல்லிக்குச்சி வருவாள்.

"இன்னைக்கு என்னடி நடத்தினாங்க?"

"பின்னம்."

"அப்படின்னா?"

"டீச்சர் ஒரு ரொட்டி வரைஞ்சு அதை நாலா வெட்டினாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குப் பசி வந்துடுச்சு. ஒண்ணும் காதுல ஏறல."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் போன பிறகு, டமாரம் ஈர விரலால் தரையில் ஒரு வட்டம் போட்டு நாலாகப் பிரித்தாள். அந்த நாலு துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் காய்ந்துவிட்டது.

ஒருநாள் காலை, தடுப்பூசி போடும் நர்ஸ் சந்துக்குள் வந்தார். கதவு கதவாகத் தட்டினார். பாதி வீட்டில் பூட்டு. மீதி வீடுகளில் டமாரத்தைப் போலவே இடுப்பில் குழந்தையோடு அக்காக்கள்.

"அம்மா எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்காங்க நர்ஸக்கா. இவனுக்கு நீங்க ஊசி போடலாமே!"

"பெரியவங்க இல்லாம போடக் கூடாதும்மா." நர்ஸ் குழாயடியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பின்சந்துல ஒரு குழந்தை தட்டம்மை வந்து ஆஸ்பத்திரியில கிடக்குது. நான் வர்ற நேரம் அம்மாங்க இல்ல. அவங்க இருக்கிற நேரம் நான் இல்ல. நான் என்னதான் பண்றது?"

டமாரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவன் சிரித்து அவள் காதைக் கடித்தான்.

"நீ ஏன் பள்ளிக்கூடம் போகல?"

"இவனை எங்க விடுறது?"

"பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், குழந்தைங்களைப் பகல்ல பார்த்துக்கிற அரசாங்கக் காப்பகம் இருக்கே?"

"அங்க போய் விட்டுட்டு வந்தா அம்மாவுக்குக் கம்பெனி கேட்டைச் சாத்திடுவாங்க. ஏன்க்கா அதை அவ்வளவு தூரத்துல வச்சாங்க?"

நர்ஸ் யோசித்தார். "பெரிய கட்டடம் எங்க இருந்ததோ அங்க வச்சுட்டாங்க போல. குழந்தைங்க எங்க இருக்காங்கன்னு யாரும் பார்க்கல."

டமாரம் தம்பியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு படபடவென்று கொட்டினாள்.

"எங்க பள்ளிக்கூடத்துல ஒரு அறை பூட்டியே கிடக்குது. உடைஞ்ச பெஞ்சு மட்டும்தான் உள்ள. குழந்தைங்களை அங்க வச்சா, அக்காங்க அடுத்த அறையில படிக்கலாம். அம்மாங்க வேலைக்குப் போற வழிதான் அது. நீங்களும் சீக்கிரம் வந்தா, அம்மாங்க இருக்கும்போதே எல்லாருக்கும் ஊசி போட்டுடலாம்!"

நர்ஸ் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "இதை நகராட்சிக் கூட்டத்துல சொல்லணும். பொதுமக்கள் யாரும் பேசலாம். நீ வர்றியா?"

"தம்பியை எங்க விடுறது?"

"தூக்கிட்டு வா!"

அந்த வார்த்தை டமாரத்துக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. சாயங்காலமே வீடு வீடாகப் போனாள்.

கூட்ட நாளில் அம்மா வேலை முடிந்து நேரே மண்டபத்துக்கு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சந்திலிருந்த அக்காக்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குழந்தை.

நகராட்சித் தலைவி பேச ஆரம்பித்தார். ஒரு குழந்தை அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு மண்டபமே அழுதது. உருண்டை மட்டும் அழவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நகராட்சி அதிகாரி ஒருவரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிச் சுவைத்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல குழந்தைங்களை வெளியில கொண்டு போய் விடுங்க!" என்று அதிகாரி கத்தினார்.

"எங்க விடுறது சார்?" என்றாள் டமாரம். "அதைக் கேக்கத்தான் வந்தோம்."

அந்த டமாரக் குரலைக் கேட்டு குழந்தைகள்கூட ஒரு நொடி அடங்கினார்கள். அவள் நர்ஸிடம் சொன்னதை எல்லாம் சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நல்ல யோசனைதான். ஆனா பள்ளிக்கூடம் ஒரு துறை, காப்பகம் ஒரு துறை, ஊசி இன்னொரு துறை. மூணையும் ஒரே அறையில வைக்க விதி இல்லையே."

"எங்க வீட்டுல இருக்கிறதே ஒரு அறைதான் சார். சமையல், தூக்கம், தம்பி மூணும் அதுலதான் இருக்குது."

தலைவி சிரிக்கவில்லை. குழந்தைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "அப்போ விதியை மாத்தணும்" என்றார்.

விதி என்பது சட்டென்று மாறுகிற சாமான் அல்ல. மழைக்காலம் வந்தது, போனது. மணி தினமும் அடித்தது. "இன்னும் எவ்வளவு நாள்மா?" என்று டமாரம் கேட்பாள். அம்மா அவள் தலையைப் பின்னி விடுவாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது போலவே, ரிப்பன் வைத்து. நர்ஸ் மட்டும் விடாமல் நகராட்சிக்கு நடந்தார்.

ஒருநாள் ஒல்லிக்குச்சி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "டமாரம்! அந்த உடைஞ்ச பெஞ்சையெல்லாம் வண்டியில ஏத்துறாங்கடி!"

தையல் வேலைக்காரர்கள் குடியிருக்கும் பகுதிகளில், பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து ஒரு காப்பகம். மாதம் ஒருமுறை காலையில் அங்கேயே நர்ஸ். அதுதான் புது விதி.

முதல் நாள் உருண்டைக்கு அம்மா மடியிலேயே ஊசி விழுந்தது. ஊரைக் கூட்டி அழுதான். காப்பக ஆயா ஒரு மரவண்டியைக் காட்டியதும் அழுகையை மறந்து போய்விட்டான். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத்தான் இடுப்பு லேசாகி என்னவோ போல் இருந்தது.

வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதினார்.

"யாருக்குத் தெரியும்?"

பல கைகள் உயர்ந்தன. டமாரத்தின் கையும் உயர்ந்தது.

"அட, உனக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்," என்றாள் அவள், முகமெல்லாம் சிரிப்பாக. "சொல்லிக் கொடுங்க."