இசைதகடு

ஜெசிந்தா முகம் சுளித்தால் போதும், கணவன் எட்வினின் கை செல்பேசிக்குப் போய்விடும். திரையில் விறைப்பைக் காட்டும் கோட்டை மேலே தள்ளுவான். அவள் கீழ்க்காலுக்குள் எட்டுத் திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்த இசைதகடு உடனே விறைத்துக்கொண்டு, உடலின் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். வலி அடங்கிவிடும்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள் ஜெசிந்தா. ஏணியில் சறுக்கி விழுந்து அவள் கால் முறிந்தபோது, என்றைக்கும் ஒரே விறைப்பில் இருக்கும் எஃகுத் தகடுகளின் காலம் முடிந்திருந்தது. இசைதகட்டின் விறைப்பை வீட்டிலிருந்தே மாற்றலாம். முதல் மாதம் முழு விறைப்பு, பிறகு வாரா வாரம் கொஞ்சம் தளர்வு என்று மருத்துவமனையில் அட்டவணை கொடுத்திருந்தார்கள். எட்வினும் தளர்த்தத்தான் செய்தான். அவள் ‘ஸ்’ என்றதும் மனசு கேட்காமல் பழையபடி ஏற்றிவிடுவான். அவளிடம் சொல்லவில்லை.

நான்காம் மாதம் டாக்டர் பத்மாசனி எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். தகட்டுக்கு அடியில் எலும்பு மெலிந்திருந்தது. இரண்டு திருகாணிகள் பிடிமானம் இழந்து ஆடின.

“பாரம் விழுந்தாத்தான் எலும்பு வளரும். எல்லாத்தையும் தகடே தாங்கிட்டா, நமக்கு வேலையில்லைன்னு எலும்பு கரைஞ்சு போயிரும். இப்படியே விட்டா மறுபடி ஆபரேஷன்தான்.”

எட்வின் தலையைக் குனிந்துகொண்டான். “நான்தான் ஏத்தி வச்சேன், ஜெசி. நீ வலியில முனகுறதைப் பார்க்க முடியல.”

ஜெசிந்தா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “அதான் வலி வந்த வேகத்துல போச்சா? குணமாயிட்டேன்னு நெனச்சு வேலைக்குப் போக நாள் பார்த்துட்டு இருந்தேனே.”

கட்டுப்பாட்டை அவள் செல்பேசிக்கே மாற்றித் தருவதாக டாக்டர் சொன்னார்.

“வேண்டாம் டாக்டர், இவருகிட்டயே இருக்கட்டும். என் கையில இருந்தா நானும் ஏத்திருவேன்.”

அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இறக்குங்க.”

எட்வின் கோட்டைக் கீழே இழுத்தான். அவள் காலை ஊன்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள், நெற்றியில் வேர்த்தது. அவன் கட்டைவிரல் திரைக்கு மேலே போய் நின்றது.

“போதுமா?”

“இன்னும் நாலு எட்டு.”

செல்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு அவளைத் தாங்கிக்கொள்ளப் போனான்.

“தள்ளி நில்லுங்க,” என்றாள். அவன் பின்வாங்கினான். அடுத்த அடியை எடுத்துவைக்குமுன் அவள் திரும்பிப் பார்த்தாள். “ஆனா போயிராதீங்க.”